அது எந்த வருஷம், டீச்சர்?

ஊர்க் கதைகளையும் பண்டிகை வரலாற்றையும் இணையத்தில் ஏற்றும் முன் நடத்த வேண்டிய ஒரு பாடம்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளில் யாராலும் பாடம் நடத்த முடியாது. 2024 ஜனவரியிலும் அப்படித்தான். ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, எந்தக் காளை பிடிபடாமல் போனது, யார் வீட்டில் கரும்பு மிச்சம் இருக்கிறது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, இன்று இதுவே பாடமாக இருக்கட்டும் என்று நினைத்து, மடிக்கணினியைத் திறந்து ஒரு காணொளியை ஓடவிட்டேன். விடுமுறையில் நானே எடுத்து, பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றியிருந்த காணொளி அது.

எங்கள் பள்ளி திண்டுக்கல் நகரை அடுத்த சமவெளியில், சோளமும் நிலக்கடலையும் விளையும் ஊர் ஒன்றில் இருக்கிறது. அதே வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பத்தா, மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். நம்மில் பலரும் கேட்ட கதைதான். சிவபெருமான் நந்தியை அழைத்து, "பூமிக்குப் போய், தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், மாதம் ஒரு முறை சாப்பிடவும் மக்களிடம் சொல்லிவிட்டு வா" என்று அனுப்புகிறார். நந்தி மாற்றிச் சொல்லிவிடுகிறது. தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்கிறது. தினமும் சாப்பிடுவதென்றால் அவ்வளவு தானியத்துக்கு எங்கே போவது? "நீயே போய் அவர்களுக்கு உழுது கொடு" என்று சிவன் அனுப்பிவிடுகிறார். அன்றிலிருந்து மாடு உழுகிறது. அதற்கு நன்றி சொல்லவே மாட்டுப் பொங்கல்.

காணொளி முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசை மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

"அது எந்த வருஷம், டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "தலைப்புல வரலாறுன்னு போட்டிருக்கீங்க. வரலாறுன்னா வருஷம் இருக்கும், சான்று இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான்.

திரையைப் பார்த்தேன். "மாட்டுப் பொங்கலின் வரலாறு" என்று நான்தான் தலைப்பிட்டிருந்தேன். சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியரான என்னிடம் அவனுக்குச் சொல்லப் பதில் இல்லை.

கதையை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டை எடுத்துவிடுங்கள்

அந்தக் காணொளியில் நான் செய்த தவறு தலைப்போடு முடியவில்லை. கதை முடிந்ததும் பேத்தி, "நம்ம வீட்டு மாட்டைப் பத்திச் சொல்லு அப்பத்தா" என்று கேட்டாள். மழை பொய்த்த ஒரு வருடம் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்ற ஜோடி மாடுகளை நினைத்து, அவர் ஒப்பாரி போலப் பாட ஆரம்பித்தார். பாடும்போதே அழுதுவிட்டார். இரண்டு நிமிடம் இருக்கும். மனதைத் தொட்டதே என்று அதை வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டேன். காணொளி எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். எங்கே போடுவேன், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை.

பத்து நாளில் அந்த இரண்டு நிமிடம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. "3000 ஆண்டுப் பழமையான தமிழர் பாட்டு" என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். இன்னொரு பிரதியில் அவர் அழுகைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் யாரோ அதை அவரிடமே காட்டியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை என்று பேத்தி வந்து சொன்னாள்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"பிள்ளைக்குச் சொன்னேன் டீச்சரம்மா. ஊருக்கா சொன்னேன்?"

மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் இன்றே நீக்கிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னது: "கதை இருக்கட்டும். அது எங்க அப்பத்தா எனக்குச் சொன்னது. நாலு பிள்ளைக கேக்கட்டும். பாட்டை எடுத்துருங்க. அது எங்க மாட்டுக்குப் பாடுனது."

பள்ளிக்கூடம் போகாத அவர், ஊருக்குப் பொதுவான கதை எது, ஒரு வீட்டின் சொந்தத் துக்கம் எது என்று எனக்குப் பிரித்துக் காட்டினார். அன்றிரவே பள்ளிப் பக்கத்திலிருந்து காணொளியை நீக்கினேன். ஆனால் ஊர் ஊராகப் போய்விட்ட பிரதிகளை நான் எப்படித் திரும்ப வாங்குவது?

மாணவனின் கேள்வி, அப்பத்தாவின் சொல் இரண்டையும் வைத்து, அடுத்த பொங்கலுக்கு முன் ஒரு பாடம் தயாரித்தேன். அப்போது அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். தமிழ், கணக்கு ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு பாடவேளை ஆனது. 6 முதல் 9 வரை எந்த வகுப்புக்கும் நடத்தலாம். எழுத்து வேலையைக் குறைத்துக்கொண்டால் தொடக்கப் பள்ளியிலும் முடியும்.

மூன்று கட்டங்கள்

முதல் பாடவேளையில் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். கதை, எங்கள் ஊர் வழக்கம், சான்றுள்ள வரலாறு. பண்டிகையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் பிள்ளைகள் சொல்ல, அது எந்தக் கட்டத்தில் சேரும் என்று வகுப்பே முடிவு செய்ய வேண்டும்.

நந்தி கதை முதல் கட்டத்தில் சேர்ந்தது. போகியன்று வீட்டு நிலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளைப் பூ வைத்துக் காப்புக் கட்டுவதும், மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிப் புது மூக்கணாங்கயிறு மாற்றுவதும் இரண்டாவது கட்டத்துக்குப் போயின. மூன்றாவது கட்டம் வெகு நேரம் காலியாகவே இருந்தது. அந்த வெற்றிடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடவேளையின் நோக்கம்.

ஒன்றை அங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. முதல் கட்டம் மூன்றாவதைவிடத் தாழ்ந்ததில்லை. நந்தி கதைக்கு ஆண்டு கிடையாது. ஆனால், நாம் தினமும் மூன்று வேளை சாப்பிடுவதற்காக ஓர் உயிர் வருடம் முழுக்க உழைக்கிறது, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அந்தக் கதை போல எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கதையை "வரலாறு" என்று பெயர் மாற்றினால்தான் அது பொய்யாகிறது. "எங்கள் ஊரில் சொல்லும் கதை" என்று போட்டால் அது முழு உண்மை.

மூன்றாவது கட்டத்தை நிரப்ப மூன்று எடுத்துக்காட்டுகளை எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்காட்டு 1: பொங்கல் தேதி

"போன வருஷம் பொங்கல் 15-ஆம் தேதி வந்துச்சு. இந்த வருஷம் 14. ஏன்?" 2025 ஜனவரி நாள்காட்டியைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள். கணக்கு ஆசிரியரை அழைத்து வந்தேன்.

தை மாதப் பிறப்பு சூரியன் மகர ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்டு பார்த்தால், சூரியன் அதே இடத்துக்குத் திரும்பி வர சுமார் 365 நாள் 6 மணி 9 நிமிடம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் நுழையும் நேரம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தள்ளிப் போகிறது. லீப் ஆண்டில் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடும்போது தேதி திரும்ப முன்னுக்கு வருகிறது. 2024 லீப் ஆண்டு. அதனால்தான் 15 மறுபடி 14 ஆனது.

அதோடு முடியவில்லை. ஆங்கில நாள்காட்டியின் சராசரி ஆண்டு 365 நாள் 5 மணி 49 நிமிடம். இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 நிமிட வித்தியாசம். "ஒரு நாளுக்கு 1440 நிமிடம். 20 நிமிடம் வீதம் ஒரு நாள் சேர எத்தனை ஆண்டு?" என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். 72 என்று பதில் வந்தது.

இப்போது சரிபார்க்கச் சான்று வேண்டும். தேசிய இளைஞர் நாள் ஜனவரி 12 என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்தார். அன்று மகர சங்கராந்தி என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1863-க்கும் 2025-க்கும் இடையே 162 ஆண்டுகள். அதை 72-ஆல் வகுத்தால் இரண்டே கால் நாள். 12 என்பது 14 ஆகிவிட்டது. நிமிடக் கணக்கும் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் கண்டதும் பிள்ளைகள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நீங்களும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

"ஜனவரி 14-இல் சூரியன் வடக்கே திரும்புகிறது, அதை அன்றே அறிந்தனர் தமிழர்" என்ற வகைச் செய்திகளையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடலாம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். தைப் பிறப்பும் அதுவும் ஒரே நாளில் வந்தது ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன். மரபு அந்தப் பழைய பொருத்தத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று எழுதலாம். இன்றும் அன்றுதான் திரும்புகிறது என்று எழுதினால் அறிவியல் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார்.

எடுத்துக்காட்டு 2: தேவாலயமும் காளையும்

திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சி. புகையிலைப்பட்டி, தவசிமடை, கொசவபட்டி போன்ற ஊர்களில் தேவாலயத் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். நம் பிள்ளைகள் அதை ஒரு கேள்வியாக நினைத்ததே இல்லை. ஏன் என்று கேட்டு வரச் சொன்னேன்.

கிறிஸ்தவக் குடும்பத்து மாணவன் ஒருவன் தன் தாத்தாவிடம் கேட்டு வந்தான். வனத்து அந்தோணியார் கால்நடைகளைக் காப்பவர், அவர் திருநாளன்று மாடுகளைக் கோயிலுக்கு ஓட்டிப்போய் மந்திரிப்பது வழக்கம் என்று எழுதியிருந்தான். அந்தோணியார் திருநாள் ஜனவரி 17, செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20 என்று திருச்சபை நாள்காட்டியில் இருக்கிறது. அந்தோணியார் நாளில் கால்நடைகளை ஆசீர்வதிக்கும் வழக்கம் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு ஓரிரு நாள் தள்ளி அதே திருநாள் வருகிறது. உழவர் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு மரபுகளும் சந்தித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்? தாத்தா சொன்னது வழக்கம் என்ற கட்டத்திலும், நாள்காட்டித் தேதி சான்று என்ற கட்டத்திலும் போய் உட்கார்ந்தன. யாருடைய பண்டிகை என்ற சண்டைக்கே அங்கு இடம் வரவில்லை.

எடுத்துக்காட்டு 3: ஜல்லிக்கட்டு

இதில்தான் பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து அதிகமாகக் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் மூன்று கட்டத்தில் போட்டோம். காளையின் கொம்பில் சல்லிக் காசு கட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்பது பெயருக்குச் சொல்லப்படும் காரணம். அதைக் கதைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தோம். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலைப் பாடுகிறது என்பது இலக்கியச் சான்று. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் பல நகரங்களிலும் மக்கள் திரண்டனர், அந்த மாதம் 23-ஆம் தேதி சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது, 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது என்பவை ஆவணச் சான்று. ஒரே பண்டிகை விளையாட்டுக்குக் கதையும் சங்கப் பாட்டும் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன. எதை எந்தப் பெயரில் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பெயரும் ஊரும் ஏன் வேண்டும்?

இரண்டாவது பாடவேளையில் இரண்டு முன்னோடிகளைப் பற்றிச் சொன்னேன்.

பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த நாட்டுப் பாடல் நூலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் வட்டாரச் சொற்களுக்குப் பொருள் இருக்கும். அதன் கீழே சேகரித்தவர் பெயர், இடம், மாவட்டம். அந்த இரண்டு வரி இருப்பதால்தான் இன்று ஓர் ஆய்வாளர், இந்தப் பாட்டு எந்த ஊரில் பாடப்பட்டது, அங்கே அப்போது என்ன பயிர், என்ன பஞ்சம் என்று தேடிப் போக முடிகிறது. அந்த வரி இல்லாத பாட்டு அப்பத்தாவின் ஒப்பாரி போல, யார் வேண்டுமானாலும் எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய சரக்காகிவிடும்.

இரண்டாவது முன்னோடி அயர்லாந்து. 1937 முதல் 1939 வரை அந்நாட்டின் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கதை, மருத்துவம், விளையாட்டு, பண்டிகை வழக்கம் கேட்டுத் தங்கள் நோட்டுகளில் எழுதினார்கள். மொத்தம் 7 லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தன. சொன்னவர் பெயரையும் வயதையும் ஊரையும் பல பிள்ளைகள் குறித்திருக்கிறார்கள். இன்று அந்தப் பக்கங்கள் டூகஸ் என்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. தன் கொள்ளுப்பாட்டி பள்ளிப் பிள்ளையாக எழுதிய கையெழுத்தை ஒருவர் இன்று தேடிப் படிக்கலாம்.

இதைச் சொன்னதும் என் மாணவி ஒருத்தி, "அப்போ நாங்க எழுதுறதையும் எங்க பேத்தி படிப்பாளா டீச்சர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகளின் கையெழுத்து திருந்திவிட்டது.

கேட்பதும் எழுதுவதும்

மூன்றாவது, நான்காவது பாடவேளைகள் கேட்டதை எழுதுவதற்கு. வீட்டில் கேட்கப் பிள்ளைகளுக்கு ஐந்து கேள்விகள் மட்டும் கொடுத்தேன்.

1. இந்தக் கதையை அல்லது வழக்கத்தை உங்களுக்கு யார் சொன்னார்? அவர் எந்த ஊர்?
2. எப்போது, எந்த வேலைக்கு நடுவில் சொல்வார்கள்?
3. உங்கள் சிறு வயதில் இந்தப் பண்டிகை எப்படி இருந்தது? இன்று எது இல்லை?
4. வேறு மாதிரிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?
5. இதில் எதை வெளியே சொல்லலாம்? எதைச் சொல்ல வேண்டாம்?

ஐந்தாவது கேள்வி அப்பத்தா எனக்குக் கற்றுக் கொடுத்தது.

எழுதும்போது, சொன்னவர் சொல்லை மாற்றக் கூடாது என்பது ஒரே விதி. கண்ணுப்பீளை என்று பாட்டி சொன்னதை ஒரு மாணவி சிறுபீளை என்று "திருத்தி" எழுதியிருந்தாள். வேறு ஊரில் அதே பூவைக் கூரைப்பூ என்றும் பூளைப்பூ என்றும் சொல்கிறார்கள். பாட்டியின் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, அடியில் பொருள் எழுதச் சொன்னார் எங்கள் தமிழாசிரியர். கரிசல் வட்டாரச் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் தனியாக ஓர் அகராதியே தொகுத்ததை அவர் அந்த இடத்தில் சொன்னார். எங்கள் வகுப்புக்கும் ஒரு சொற்பட்டியல் தொடங்கியது. இப்போது அது இரண்டு நோட்டு அளவுக்கு வந்துவிட்டது.

நான்காவது கேள்விக்கு வந்த பதில்கள்தான் மிகவும் சுவையானவை. நந்தி மறந்துபோய் மாற்றிச் சொன்னது என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவனின் தாத்தா மட்டும் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். மாதம் ஒரு நாள் சாப்பிட்டால் மனுசன் எப்படி வெயிலில் வேலை செய்வான் என்று இரக்கப்பட்டு நந்தி வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதாம். எது சரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று போடுங்கள் என்றேன். இணையத்தில் ஒரே வடிவம் மட்டும் திரும்பத் திரும்பப் பகிரப்படும்போது, தாத்தாவின் இரக்கமுள்ள நந்தி போன்றவைதான் முதலில் காணாமல் போகின்றன.

ஏற்றுவதற்கு முன்

ஐந்தாவது பாடவேளையில், எழுதியதைச் சொன்னவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும். காணொளி என்றால் போட்டுக் காட்ட வேண்டும். அவர் திருத்தினால் திருத்த வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பிறகு கீழ்க்கண்ட தாளை நிரப்பினோம். விரும்பும் ஆசிரியர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தலைப்பு: கதை, வழக்கம், சான்றுள்ள வரலாறு ஆகியவற்றில் இது எது?
சொன்னவர்: பெயர் போடலாமா? முழுப் பெயரா, "ஒரு பாட்டி" என்றா?
ஊரும் நாளும்: எங்கே, எப்போது பதிவு செய்தது?
சேகரித்தவர்: மாணவர் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும்.
முகம் தெரியலாமா, குரல் மட்டுமா, எழுத்து மட்டுமா?
யார் பார்க்கலாம்: வகுப்பு மட்டுமா, இணைப்பு உள்ளவர்களா, எல்லோருமா?
எந்தப் பகுதியை விட வேண்டும்?
திரும்பப் பெற விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும்?
சொன்னவர் கையொப்பம் அல்லது கைரேகை, பெற்றோர் கையொப்பம், தலைமை ஆசிரியர் ஒப்புதல்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகே கைரேகை வாங்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சீருடையும் பள்ளிப் பெயர்ப் பலகையும் பிள்ளை முகமும் ஒரே சட்டகத்தில் வரும் காணொளியை நாங்கள் இப்போது ஏற்றுவதில்லை.

ஆறாவது பாடவேளையில் ஏற்றும் வேலை. யாராவது வெட்டிப் பகிர்ந்தாலும் பெயரும் ஊரும் கூடவே போகட்டும் என்று, காணொளியின் கீழ்ப்பகுதியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வரி ஓடும்படி செய்தோம். இதனால் திருட்டு நின்றுவிடாது, கொஞ்சம் கடினமாகும். ஏற்றியதன் பிரதி ஒன்றைப் பள்ளி நூலகத்திலும், அச்செடுத்த தாளைச் சொன்னவர் வீட்டிலும் வைத்தோம். இணையப் பக்கங்கள் மறைந்து போகலாம். பரணில் இருக்கும் தாள் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டில் இதற்கு நான்கு கூறுகள் வைத்தேன்: சொன்னவர் சொல்லை மாற்றாமல் எழுதியது, வேறு வடிவம் ஒன்றையாவது தேடியது, மூன்று கட்டத்தில் சரியாகப் பிரித்தது, ஒப்புதல் தாளை நேர்மையாக நிரப்பியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. முதலில் சில பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. மெல்ல மெல்லப் பழகிவிட்டது.

வகுப்பில் சேர்ந்த பதிவுகளில் பாதிக்கும் குறைவாகவே இணையத்துக்குப் போயின. மற்றவை எங்கள் நோட்டுகளில் இருக்கின்றன. சொன்னவர் வேண்டாம் என்றதால் ஏற்றாத பதிவுக்கும் முழு மதிப்பெண் உண்டு.

பொங்கல் மட்டும் இதற்குப் பொருளல்ல. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா, முத்தழகுப்பட்டி செபஸ்தியார் ஆலயத்து அன்னதானம், பேகம்பூர் என்ற பெயருக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் காரணம் என்று எங்கள் நகரைச் சுற்றியே ஓராண்டுக்குப் பாடம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பண்டிகை நாளில் பெரியவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.

அப்பத்தாவின் நந்தி கதை இப்போது மறுபடியும் எங்கள் பள்ளிப் பக்கத்தில் இருக்கிறது. "மாட்டுப் பொங்கல்: எங்கள் ஊரில் சொல்லும் கதை" என்பது தலைப்பு. குரல் மட்டும் போதும் என்றார். தன் பெயருக்கு முன்னால், தனக்குக் கதை சொன்ன அப்பத்தாவின் பெயரையும் ஊரையும் போடச் சொன்னார், போட்டிருக்கிறோம். பாட்டு இல்லை.

"அது எந்த வருஷம்?" என்று கேட்ட மாணவன் கடைசி நாளில்தான் தன் தாளைக் கொடுத்தான். தன் தாத்தாவிடம் கேட்டு, ஏர் பூட்டும் முதல் நாள் வழக்கத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். பாதியில் ஒரு கோடு போட்டு நிறுத்தியிருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"இதுவரைக்கும்தான் போடச் சொன்னாரு டீச்சர். மீதி எனக்கு மட்டுமாம்."